லாரிப் பெட்டிக்குள் சொட்டிய தண்ணீர்

நான் சந்தேகப் பேர்வழி. என் மனைவி முப்பது வருடமாக இதைச் சொல்கிறாள், நானும் மறுத்ததில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்ப்பேன். பால் பாக்கெட்டை அழுத்திப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தால் சட்டைப்பையைத் தொட்டுக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் சந்தேகம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் கூடும். "வாங்க, உக்காருங்க, டீ குடிக்கறீங்களா" என்று ஒருவரிடம் நான் மூன்று முறை கேட்டால், அவர் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பொங்கலூர்ப் பக்கம் இருந்த தென்னந்தோப்பில் ஒரு பகுதியை விற்று நான் லாரி வாங்கினேன். பின்னால் நான்கு பக்கமும் தகரம் அடித்து மூடிய பெட்டி வைத்த லாரி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து அட்டைப்பெட்டிகளை ஏற்றித் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள குடோனில் இறக்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நடை. சாயங்காலம் ஏற்றினால் விடிகாலையில் தூத்துக்குடி.

அந்த லாரியை ஆறு வருடமாக ஒருவரேதான் ஓட்டினார். எட்டயபுரம் தாண்டி ஒரு கிராமம் அவருக்கு. பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர். அவர் மனைவி ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். நான் அவரை "டிரைவருங்க" என்று கூப்பிடுவேன், அவர் என்னை "மொதலாளி" என்பார். ஆறு வருடத்தில் வண்டி மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. உண்மையைச் சொன்னால், அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது.

தொல்லை ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. குடோனில் இறக்கும்போது மேல் வரிசையில் ஏழெட்டு அட்டைப்பெட்டிகள் ஈரமாக இருந்தன. உள்ளே குழந்தைகள் பனியன். பாலிதீன் பையில் போட்டிருந்ததால் துணி தப்பித்தது. ஆனாலும் ஈர அட்டையைக் கப்பலுக்கு எடுக்க மாட்டார்கள், அட்டையை மாற்றிக் கட்ட வேண்டும். கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்க்கும் மேனேஜர் போன் செய்தார். "அண்ணே, ஒரு தடவைன்னா பரவால்லீங்க. பாத்துக்குங்க" என்றார். அந்த 'பாத்துக்குங்க' எனக்குப் பிடிக்கவேயில்லை.

பெட்டியில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நல்ல வெயிலில் ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிச்சம் தெரியும். நான் உள்ளே போனேன், டிரைவர் வெளியிலிருந்து சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும், இந்த மனிதர் திறக்காமலே போய்விட்டால் என்ன செய்வது என்று யோசனை போயிற்று. "ஏனுங்க, அங்கயேதான இருக்கறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டேன். "இங்கனதாம் நிக்கேன் மொதலாளி" என்று இரண்டு தடவையும் பொறுமையாகச் சொன்னார்.

கூரைத் தகடுகள் சேரும் இடத்தில் ரிவெட் தளர்ந்து நான்கு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. கதவு ரப்பர் ஓரத்தில் ஒரு கீற்று. அதோடு முன்சுவரின் மேல்பக்கத்தில் கை அகலத்துக்கு இரண்டு துளைகள், கம்பி வலை போட்டவை. பாடி கட்டியபோதே காற்றுக்காக வைத்தவை அவை. மறுநாளே பட்டறைக்கு விட்டேன். ரிவெட் மாற்றி, இணைப்பு முழுக்க சிலிக்கான் பசை இழுத்து, கதவுக்குப் புது ரப்பர் போட்டார்கள். அந்த இரண்டு காற்றுத் துளைகளையும் தகடு வைத்து அடைக்கச் சொன்னேன்.

டிரைவர் பக்கத்தில் வந்தார். "மொதலாளி, அதை மட்டும் அடைக்காதிய. வெளிய மூடி சரிச்சு வச்சிருக்கு, மழை உள்ள வராது. பெட்டிக்குள்ள காத்து போயி வரணும்லா" என்றார்.

ஓட்டையை அடைக்காதே என்று ஒருவர் சொன்னால் என்ன நினைப்பது? அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தேன். "சரிங்க, நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினேன். அவர் திரும்பி வருவதற்குள் இரண்டையும் அடைத்தாகிவிட்டது. வந்து அடைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அதே மழையில் கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையும் நனைவதாகச் சொன்னார். புது மெத்தை வாங்கிக் கொடுக்கச் சொல்லி அடி போடுகிறார் என்று நினைத்துக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவரே கேபின் மேல் ஏறினார். அங்கே கேரியரைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றி, பழைய சைக்கிள் டியூபை வட்டம் வட்டமாக வெட்டி அடியில் கொடுத்து முடுக்கினார். ஒழுகல் நின்றுவிட்டது. ஓட்டையை இவ்வளவு லேசாக அடைக்கத் தெரிந்த கைக்கு உண்டாக்கவும் தெரியும் என்று என் மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லீங்" என்று சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போனாள்.

கார்த்திகை பாதியில் மழை விட்டது. காலையில் பனி இறங்க ஆரம்பித்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அப்போதுதான் அட்டைப்பெட்டிகள் மறுபடியும் நனைந்தன.

மேனேஜர் போட்டோ அனுப்பினார். அதே மேல் வரிசை. அட்டையில் விழுந்த சொட்டுகள் வட்ட வட்டமாக ஊறிப் பரவியிருந்தன. கூரையில் ஓட்டை இல்லை, மழை இல்லை, தண்ணீர் எங்கிருந்து வரும்? யாராவது கொண்டுவந்தால்தான் வரும். அப்படித்தான் என் புத்தி போயிற்று. எங்கள் வீட்டில் தொங்கும் காலண்டரில் ஈரம் வந்த நாட்களை வட்டம் போட ஆரம்பித்தேன். நாலு வாரத்தில் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. திங்களும் புதனும் ஏற்றிய சரக்கு பொட்டு ஈரமில்லாமல் போய்ச் சேர்கிறது. வெள்ளிக்கிழமை ஏற்றியது மட்டும் நனைகிறது.

வெள்ளிக்கிழமை ஏற்றினால் சனி காலை இறக்கம். அடுத்த நடை திங்கள்தான். அப்படியானால் வார லீவுக்கு முந்தைய நடையில்தான் ஏதோ நடக்கிறது. அவர் ஊரோ மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் மெயின் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். வானம் பார்த்த பூமி, தண்ணீர்க் கஷ்டம் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கு எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. வழியில் எங்கோ நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் நிறுத்தி, குடத்திலோ டிரம்மிலோ பிடித்து, அட்டைப்பெட்டிகள் மேல் வைத்து ஊருக்குக் கொண்டுபோகிறார். மேல் வரிசை மட்டும் ஏன் நனைகிறது? குடத்தை மேலேதானே வைக்க முடியும். கதவுப் பூட்டில் கம்பெனி மாட்டும் பிளாஸ்டிக் சீல் முழுசாக இருக்கிறதே என்று ஒரு கேள்வி எழுந்தது. டியூபை வெட்டி வாஷர் செய்கிறவருக்கு ஒரு சீலைக் கழற்றி மாட்டத் தெரியாதா என்று அதற்கும் பதில் வைத்திருந்தேன்.

இதற்கு நடுவில் குடோன் வாட்ச்மேனிடம் போனில் பேச்சுக் கொடுத்தேன். "சனிக்கிழமை சரக்கை இறக்குனதும் மத்தியானம் வரைக்கும் வண்டிய வெயில்ல நிறுத்தி, பெட்டிக் கதவத் தொறந்து போட்டுருப்பாரு சார். மத்த நாள்ல அப்படி நிக்க மாட்டாரு" என்றார் அவர். எனக்கு மூக்கில் வேர்த்தது. தடயத்தைக் காயவைக்கிறார்!

வெள்ளிக்கிழமை இப்படி ஆகிறது என்றால் கண் திருஷ்டியும் கூடவே இருக்கலாம் என்று ஒரு பக்கம் பயம். வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுக் கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். வெளியே கழுவுவதோடு பெட்டிக்குள்ளும் நானே இறங்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன். சரக்கு ஏறும் இடம், லட்சுமி இருக்கும் இடம். நான்கு குடமாக இருந்ததை அந்த மார்கழியில் எட்டுக் குடமாக்கினேன், அதில் கரைக்கும் மஞ்சளையும் கூட்டினேன். மத்தியானத்துக்குள் தரை காய்ந்த மாதிரி தெரியும். கதவைச் சாத்திக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவேன். என்னதான் பூசை செய்தாலும் அந்தச் சனிக்கிழமையும் அட்டைப்பெட்டிகள் நனைந்திருந்தன.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். அடுத்த திங்கட்கிழமை, "திருச்செந்தூருக்கு ஒரு வேண்டுதலுங்க, உங்க கூடவே வந்தர்றேன்" என்று கேபினில் ஏறினேன். முருகன் பெயரில் பொய் சொன்னதற்கு மனதுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். டிரைவர் சந்தோஷமாகப் பின் படுக்கையைத் தட்டி விரித்துக் கொடுத்தார். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று போயிற்று. எங்கே நிறுத்தினாலும் நானும் இறங்கினேன். அவர் பின்பக்கம் போனால் நானும் போனேன். ஊருக்குப் பிரியும் ரோடு வந்தபோது, "அந்தா, அதுதாம் எங்க ஊருக்குப் போற பாதை" என்று கையைக் காட்டினார். வேகம் குறையவில்லை.

குடோன் வாசலில் வரிசையில் நிறுத்திவிட்டு அவர் சீட்டிலேயே சாய்ந்து தூங்கினார். கொசுவுக்குப் பயந்து நான் இரண்டு ஜன்னலையும் இறுக அடைத்துவிட்டுப் படுத்தேன். விடியும் நேரம் நெற்றியில் சொட்டென்று விழுந்தது. எழுந்து பார்த்தால் கேபின் கூரைத் தகடு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். கண்ணாடியெல்லாம் வேர்த்து வடிகிறது. "அன்னிக்கு அடச்சது மறுபடி ஒழுகுதுங்களா?" என்று கேட்டேன்.

"இது ஒழுகல் இல்ல மொதலாளி. நம்ம ரெண்டு பேரு மூச்சுதாம். உள்ள இருக்க ஈரம் வெளிய போக வழியில்லன்னா தகரத்துல போயி ஒட்டிக்கிடும். அதாம் ஜன்னல ஒரு விரக்கடை தொறந்து வச்சுப் படுப்பேன்" என்றார். நான் அதைக் கேட்டேன், துண்டால் நெற்றியைத் துடைத்தேன், அதோடு விட்டுவிட்டேன். அப்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பெட்டியைத் திறந்தார்கள். எல்லாம் உலர்ந்திருந்தது. நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தேகம் கல்லாக இறுகிவிட்டது. நான் கூட வந்தேன், அதனால் நனையவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். அன்று திங்கட்கிழமை நடை என்பதும், திங்கட்கிழமை எப்போதுமே நனைந்ததில்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை. காலண்டரில் வட்டம் போட்டவனே நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை ஏற்றியது மறுபடி நனைந்தது. இந்தத் தடவை பாலிதீனுக்குள்ளும் ஈரம் இறங்கி, சில பனியன்களில் கறை. மேனேஜர் குரலில் 'அண்ணே' இல்லை. "இன்னொரு தடவ வந்துச்சுன்னா உங்க வண்டிய கேட்டுக்குள்ள விட வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார்" என்றார். நான் பயந்துபோனேன். அந்தக் கம்பெனி போனால் வண்டியே போன மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவரை வரச் சொன்னேன். உட்காரச் சொன்னேன், டீ கொடுத்தேன், இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டேன். "ஏனுங்க, உங்க ஊருல தண்ணிக் கஷ்டமெல்லாம் இப்ப எப்படீங்?" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்னத்தக் கேக்கிய மொதலாளி?"

"வெள்ளிக்கிழமை ஏத்துனா மட்டும் நனையுதுங்க. நான் வந்தன்னிக்கு நனையலீங்க. பெட்டிக்குள்ள என்னத்த வைக்கறீங்க?"

அவர் முகம் கறுத்துவிட்டது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார். அதன் நெற்றியில் வெள்ளிக்கிழமை போட்ட மாலை வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். மாட்டிக்கொண்டார், பதில் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"பெட்டிக்குள்ள நான் ஒண்ணும் வைக்கல. என் பிள்ளைய மேல சத்தியம். அதுக்கு மேல நான் சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல" என்றார். வண்டிச் சாவியை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஆறு வருடம் முடிய ஒரு டம்ளர் டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. நான் தடுக்கவில்லை, எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

புது டிரைவர் ஒருவரைப் பேசி வெள்ளிக்கிழமை நடையிலிருந்து வரச் சொன்னேன். அதற்கு முந்தைய நடைகளை வேறு வண்டி வைத்துச் சமாளித்தேன். வெள்ளிக்கிழமை வழக்கம்போல் கழுவிப் பூசை செய்தேன். பழைய தோஷமெல்லாம் போகட்டும் என்று பெட்டிக்குள் இன்னும் இரண்டு குடம் கூடவே ஊற்றினேன். சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, துணி இஸ்திரியாகி வரவில்லை, நாளைக்கு ஏற்றலாம் என்றார். புது டிரைவரையும் நாளைக்கே வரச் சொன்னேன். பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பெருக்கிவிடலாம் என்று கதவைத் திறந்தேன். திறந்ததும் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கூரை முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், இட்லிப் பானை மூடியைத் திருப்பிப் பார்த்த மாதிரி தண்ணீர் கோத்து நின்றது. அங்கங்கே சொட்டிக்கொண்டிருந்தது. சரக்கு இல்லை. டிரைவர் இல்லை. வண்டி ஓர் அடிகூட நகரவில்லை. சாவி என் இடுப்பில். சந்தேகப்படுவதற்கு என்னைத் தவிர ஆளே இல்லை.

தரையில் முட்டி போட்டேன். பிளைவுட் மேல் அடித்திருந்த தகட்டின் விளிம்பைத் திருப்புளியால் நெம்பிக் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பிளைவுட்டிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்து வந்தது. மேலே காய்ந்து தெரிந்த தரை அடியில் ஊறிக் கிடந்திருக்கிறது. பகல் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகும். காற்றுத் துளையை நானே அடைத்துவிட்டதால் வெளியே போக வழி இல்லை. விடிகாலைக் குளிரில் கூரைத் தகரம் சில்லிட்டதும் அதில் ஒட்டிக்கொண்டு, கீழே இருக்கும் அட்டைப்பெட்டி மேல் சொட்டும். சனிக்கிழமை வெயிலில் கதவைத் திறந்து போட்டு டிரைவர் காயவைத்ததால்தான் திங்களும் புதனும் தப்பித்தன.

என் மனைவி காப்பியோடு வந்தவள் எட்டிப் பார்த்தாள். "நேத்து எத்தன கொடமுங்க ஊத்துனீங்க?" என்றாள்.

"பத்து."

அவள் காப்பியை வண்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைய சரக்குக்கு வேறு வண்டியை அனுப்பிவிட்டு, துளைகளை அடைத்த தகடுகளைப் பிடுங்கினேன், பிளைவுட்டைக் கழற்றிக் காயப்போட்டேன். உள்ளே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன், ஈரத்துணியில் ஒரு துடைப்பு, மேலே உலர்ந்த துணியில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். அடுத்த வெள்ளி ஏற்றியது உலர்ந்து போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த வெள்ளியும்.

அதன் பிறகுதான் அவரைத் தேடிப் போக எனக்கு முகம் வந்தது. பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுவதாகச் சொன்னார்கள். காலை எட்டு மணிக்கு வேன் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"தப்பு என்னுதுங்க. நான் ஊத்துன தண்ணிதானுங்க அது. நீங்க திரும்பி வந்துருங்க" என்றேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியும் மொதலாளி" என்றார்.

"தெரியுங்களா? எப்பயிருந்துங்க?"

"கார்த்திகையிலேயே தெரியும். கதவத் தொறந்தா மஞ்சத்தண்ணி வாடைல்லா அடிக்கும்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்பறம் ஏனுங்க ஒரு வார்த்தை சொல்லல? அன்னிக்கு டீ குடிக்கயில சொல்லியிருக்கலாமில்லீங்க?"

அவர் வேன் கதவைப் பிடித்தபடி நின்றார். "காத்து ஓட்டைய அடைக்காதியன்னு சொன்னதுக்கே என்னைய ஒரு மாதிரிப் பாத்திய. இது சாமிக்குக் கழுவுதது. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். நான் வந்து, வெள்ளிக்கிழமை பெட்டிக்குள்ள தண்ணி ஊத்தாதிய மொதலாளின்னு சொன்னா, அதை நீங்க எப்படி எடுத்துக்கிடுவிய?"

அப்படியெல்லாம் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஒரு விஷயத்தை இதுவரை எழுதாமல் விட்டிருக்கிறேன். மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, கற்பூரம் காட்டி முடித்ததும், "சாமி கும்பிடாத ஆளு கையில வண்டியக் குடுத்தா இப்படித்தானுங்க ஆகும்" என்று என் மனைவியிடம் நான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். லாரியின் அந்தப் பக்கம் அவர் குனிந்து சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வேனுக்குள் பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெண் நேரமாகிறது என்று குரல் கொடுத்தாள். "எடுக்கட்டுமா மொதலாளி?" என்று கேட்டார். எடுங்க என்று சொல்லிவிட்டு ரோட்டோரம் ஒதுங்கினேன். அன்று குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் அது அவர் காதில் விழுந்திருக்காது என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.